சாப்பாட்டு நேரத்து அம்பு

தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க. உடுமலையில பஸ் ஏறுனதுல இருந்து பாத்துட்டே வர்றேன். உங்க மடியில இருக்கற லேப்டாப் பொட்டியில தெரியறது அந்தப் பொட்டியே இல்லீங்களே? எங்கேயோ ஆபீஸ்ல இருக்கற கம்ப்யூட்டரை இங்க இருந்துட்டே தொறந்து வெச்சிருக்கறீங்க. சரிதானுங்களா?

எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்கறீங்க. நீங்க ஒரு எழுத்தைத் தட்டுனா அது ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் வருது. அந்தத் தாமதம் எனக்கு நல்லாத் தெரியுமுங்க. என்னைப் பாத்தாக் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்காது. ஆனா நூல் மில்லுல கணக்கு ஆபீஸ் முழுக்க நான்தான் பாக்கறேன். கிட்டுசாமின்னா மில்லு கேட்டுல இருக்கற நாய்க்குக் கூடத் தெரியும்.

உங்க ஆபீஸ்ல ஃபயர்வால் இருக்குதுங்களா? இருக்கும், வெளியாளை உள்ள விடாத அந்தக் காவல் இல்லாத ஆபீஸ் இப்ப ஏது. அதைத் தாண்டி எப்படிப் போறீங்க? அவங்களே தனி வழி குடுத்திருக்காங்களா. பரவாயில்லை, குடுத்து வெச்சவரு நீங்க. எனக்கு அந்த வழியைத் தர மாட்டேனுட்டாங்க தம்பி. அதைக் கேக்கத்தான் இப்பக் கோயமுத்தூர் போறேன். லீவு போட்டுட்டுப் போறேன். நான் லீவு போட்டேன்னு தெரிஞ்சா மில்லுல யாருமே நம்ப மாட்டாங்க.

எனக்குன்னா எனக்கில்லை. என் கம்ப்யூட்டருக்குள்ள வெளியில இருந்து ஒரு ஆளு வரணும். அவ்வளவுதான். யாருங்கறீங்களா? எம் பையனுங்க. சுதாகர். அயர்லாந்துல இருக்கறான், மருமகளும் அங்கதான். உங்க வேலை மாதிரித்தான், என்ன வேலைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

நானும் அவனும் பேச்சுவார்த்தை இல்லீங்க. ஒரு வருசமாச்சு. தப்பு அவன் மேலதான், அதை முதல்லயே சொல்லிப்போடறேன். அப்புறம் நீங்க கதையைக் கேட்டுட்டு மாத்திப் பேசக் கூடாது.

போன வருசம் மார்ச்சுல எஞ்சம்சாரம் தவறிட்டா. மரகதம்னு பேரு. ரொம்ப நாளா உடம்பு சொகமில்லாமத்தான் இருந்தா. கடைசி ஒரு வாரம் ஆஸ்பத்திரி. அவ தங்கச்சி பங்கஜந்தான் கூட இருந்தா. நான் மில்லுல இருந்தேன். மார்ச் கடைசி பாருங்க, வருசக் கணக்கு முடிக்கற நேரம், நான் சீட்டுல இல்லேன்னா ஒரு காயிதம் நகராது. பங்கஜம் காத்தால ஒரு தடவை போன் பண்ணுனா, மத்தியானம் ஒரு தடவை பண்ணுனா. அக்கா உங்களைத்தான் கேக்கறா மாமான்னு சொன்னா. கையில இருக்கற இதை முடிச்சுட்டு வந்தர்றேன்னேன். போய்ச் சேர்றதுக்குள்ள முகத்தை மூடிட்டாங்க. என்ன பண்றதுங்க, வேலைன்னா அப்படித்தான். அதை விடுங்க. நான் சொல்ல வந்தது கருமாதியைப் பத்தி.

பையன் சாவுக்கு வந்துட்டான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். எங்கெங்கேயோ பிளேன் மாறி, வந்த கோலத்துல கொள்ளி வெச்சான். கருமாதி வரைக்கும் இருந்தான். அன்னைக்கு ஊடு நிறைய ஜனம். ஐயரு எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு, பையனைக் கூப்பிடுங்கன்னாரு. பையனைக் காணோம். ஆளாளுக்குத் தேடறாங்க. கடைசியில நான்தான் கண்டுபிடிச்சேன். மாடிப்படிக்குக் கீழ ஈர வேட்டியோட உக்காந்துட்டு, மடியில பொட்டி. இப்ப நீங்க உக்காந்திருக்கறீங்களே, அச்சு அசலா இதே மாதிரி.

அஞ்சு நிமிசம்ப்பாங்கறான். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள போயிருக்கேன், இந்த வேலையை முடிச்சுக் குடுத்துட்டா இன்னும் ஒரு வாரம் இருந்துக்கச் சொல்லியிருக்காங்கங்கறான். எனக்கு அதையெல்லாம் காதுல வாங்கற நிலைமையா தம்பி அது? பொட்டியைப் படார்னு மூடுனேன். அவன் விரல் உள்ள சிக்கிக்கிச்சு. கத்தலை, விரலை மட்டும் உருவிக்கிட்டான்.

"உங்கம்மாவை விட அந்த வேலை உனக்குப் பெருசாடா? இனி எனக்குப் போனே பண்ணாதே"ன்னேன். சொந்தபந்தம் அத்தனை பேரும் பாத்துட்டு நின்னாங்க.

நீங்களே சொல்லுங்க. பெத்தவளுக்குச் செய்யற கடைசிக் காரியம், அன்னைக்குப் போயி ஆபீஸ் வேலை பாக்கறவனை என்னன்னு சொல்றது? எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசா அடங்கலீங்க.

அவன் வந்து உக்காந்து, ஐயரு சொன்னபடி எல்லாம் செஞ்சான். மறுநாள் காத்தால கெளம்பிட்டான். அந்த ஒரு வாரம் எதுக்கு, உங்க கூட இருக்கத்தான மாமான்னு பங்கஜம் அப்புறமாச் சொன்னா. அவன் பேச்சை இனி இந்த ஊட்ல எடுக்காதேன்னு அவளையும் அடக்கிட்டேன். அவனும் சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டான். அன்னையில இருந்து ஒரு போன் கிடையாது. அந்தப் பிடிவாதம் யாருகிட்ட இருந்து வந்துச்சோ தெரியலை. மரகதத்துக்கு அப்படி ஒரு குணமே கிடையாதுங்க.

சரி, கம்ப்யூட்டருக்கு வர்றேன்.

சண்டைக்கெல்லாம் முந்தி, ஊருக்கு வந்திருந்தப்ப ஒரு நாளு மில்லுக்கு வந்தான். என் கம்ப்யூட்டர்ல சின்னதா ஒண்ணைப் போட்டு வெச்சுட்டுப் போனான். உங்களுக்கு ஏதாச்சும் கோளாறுன்னா நான் அங்க இருந்தே உள்ள வந்து பாத்துக்கறேன், நீங்க கம்ப்யூட்டரை மட்டும் அணைக்காம வெச்சிருங்கன்னான். அப்பல்லாம் எங்க மில்லுல காவலே கிடையாதுங்க, யாரு வேணா வரலாம், போலாம். நானும் அதுக்கப்புறம் அணைக்கறதில்லை. சண்டை வந்தப்பவும் அதை எடுத்துப்போடணும்னு தோணலை. எடுக்கத் தெரியாதுன்னு வெச்சுக்கங்களேன்.

கருமாதி முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். கணக்குப் புரோகிராம் தொறக்க மாட்டேங்குது. சரி பண்ற ஆளு வர நாலு நாளாகும்னுட்டாங்க. சாப்பாட்டு நேரம். எல்லாரும் கேண்டீனுக்குப் போயிட்டாங்க. நான் தூக்குப்போசியைத் தொறந்து வெச்சுட்டு, தயிர்சாதத்துல கை வெக்காம உக்காந்திருக்கேன். மரகதம் போனதுக்கப்புறம் நானே கிண்டி எடுத்துட்டுப் போற தயிர்சாதம், அதுல என்ன இருக்குது. அப்பப் பாத்தா, திரையில அந்த அம்பு இருக்குதில்லீங்களா, மவுஸ் அம்பு, அது தானா நகருது. என் கை மவுஸ்லயே இல்லை. மெதுவா மேல போச்சு. ஒரு எடத்துல நின்னுச்சு. அதைத் தொறந்துச்சு, இதை மூடுச்சு, என்னமோ பண்ணுச்சு. கணக்குப் புரோகிராம் தொறந்துக்கிச்சு.

யாருன்னு கேக்கணுங்களா? நான் கூப்பிடலை, அதை நல்லா கவனிச்சுக்கங்க. நான் கூப்பிடவே இல்லை. அவனா வந்தான்.

வேலை முடிஞ்சதும் அம்பு போயிரும்னு பாத்தேன். போகலை. ஓரமா போயி நின்னுக்கிச்சு. நானும் மவுஸைத் தொடலை. அப்படியே சாப்பிட ஆரம்பிச்சேன். சாப்பிட்டு முடிச்சுக் கையைக் கழுவிட்டு வந்து பாத்தாலும் நிக்குது. அப்புறம் எழுதற வெள்ளைப் பக்கம் ஒண்ணைத் தொறந்து, 'சாப்டாச்சு'ன்னு அடிச்சேன். இங்கிலீஷ் எழுத்துலதான், எனக்குத் தமிழ்ல அடிக்க வராது. ஒரு நிமிசம் ஒண்ணுமில்லை. அப்புறம் கீழ 'சரி'ன்னு வந்துச்சு. அம்பு போயிருச்சு.

அப்படித்தான் தம்பி பழக்கமாச்சு. காத்தால வந்ததும் அந்த வெள்ளைப் பக்கத்துல என்ன கோளாறோ அதை அடிச்சு வெச்சுருவேன். பிரிண்டர் ஓடலை. இல்லேன்னா, எழுத்து சின்னதாயிருச்சு. அப்பான்னு அவனும் போட மாட்டான், சுதான்னு நானும் போட மாட்டேன். சாப்பாட்டு நேரத்துக்கு வருவான். அவனுக்கு அங்க அப்பத்தான் காத்தால, வேலைக்குப் போறதுக்கு முந்தி வருவான் போல. சரி பண்ணிட்டு ஓரமா நிப்பான். நான் சாப்பிடுவேன். ஆளை வெச்சுட்டு எந்திரிச்சுப் போக முடியாது பாருங்க, எந்தக் கணக்கைத் தொட்டுப்போடுவானோ, கண்காணிக்கணுமில்லீங்களா? அதுக்காகத்தான் அங்கேயே உக்காந்து சாப்பிடறது. கேண்டீன்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க, கிட்டுசாமியண்ணன் கம்ப்யூட்டருக்குச் சோறூட்டறாருன்னு.

சில நாளு கோளாறே இருக்காது. அப்ப என்ன பண்றது? பிரிண்டர் ஒயரைப் பின்னால லேசா உருவி விட்டுருவேன். 'ஒயர் கழண்டிருக்குதான்னு பாருங்க'ன்னு கீழ வரும். அயர்லாந்துல உக்காந்துட்டு ஒயர் கழண்டது எப்படித் தெரியுதுன்னு எனக்கு ஆச்சரியமா இருக்கும். சொருகிட்டு, 'ஓடுது'ன்னு போடுவேன். 'சரி'ம்பான். சிரிக்காதீங்க தம்பி. அவனுக்கும் கை பழகணுமில்லீங்களா.

அவனைப் பத்தி ஒண்ணும் கேட்டதில்லை. அவனும் ஒண்ணும் சொன்னதில்லை. ஒரே ஒரு நாளு, 'மழையா'ன்னு கேட்டான். ஆமான்னேன். அன்னைக்கு மழையே இல்லை. ஏன் ஆமான்னேன்னு தெரியலை. கேட்டவனுக்கு இல்லேன்னு சொல்ல மனசு வரலை.

அப்பத்தான் பக்கத்து மில்லுல ஒரு கூத்து நடந்துச்சு. யாரோ எங்கிருந்தோ கம்ப்யூட்டருக்குள்ள பூந்து கணக்கையெல்லாம் பூட்டிட்டான். எங்க முதலாளி பொண்ணுதான் இப்ப மில்லைப் பாக்கறாங்க. அவங்க எல்லாரையும் கூப்பிட்டு, நாமளும் ஃபயர்வால் போட்டுரணும், உள்ள இருந்து வெளிய போலாம், வெளியில இருந்து தெரியாத ஆளு உள்ள வரக் கூடாதுன்னாங்க. நான்தான் முதல்ல எந்திரிச்சு, கட்டாயம் வேணுங்க மேடம்னேன். தெரியாத ஆளுன்னா எனக்கும் ஆகாது பாருங்க. அதுல நம்ம ஆளும் அடைபட்டுப் போவான்னு எனக்கு எப்படித் தெரியும்?

விஜயதசமிக்கு அதைத் தொடங்கறதுன்னு நாளு குறிச்சாங்க. நல்ல காரியத்தை அன்னைக்குத்தான தொடங்கணும்.

அதுக்கு முந்தின நாளு ஆயுத பூசை. உங்க ஆபீஸ்ல எப்படியோ, எங்க மில்லுல அன்னைக்கு ஒரு மிசின் ஓடாது. எல்லாத்தையும் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, அணைச்சுப்போடணும். மறுநாள் காத்தால வரைக்கும் யாரும் தொடக் கூடாது. கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதுவும் ஆயுதந்தானுங்க, சோறு போடுதில்லீங்களா. ஆபீஸ்ல மூத்தவன்னு பொட்டு வெக்கற வேலை எனக்கு. ஒவ்வொண்ணா அணைச்சு, ஒவ்வொண்ணுக்கா பொட்டு வெச்சுட்டு வந்தேன். என்னுதைக் கடைசிக்கு வெச்சிருந்தேன். ஏன்னா சாப்பாட்டு நேரம் ஆகட்டும்னு.

பூசை போடறவரு அவசரப்படறாரு. நல்ல நேரம் முடியப் போகுதாம். மேடம் பொரி கடலை, பூசணிக்காயோட காத்துட்டு நிக்கறாங்க. எல்லாம் ஆச்சா, அண்ணன் கம்ப்யூட்டர்தான் பாக்கின்னு ஆளாளுக்குச் சத்தம் போடறாங்க. நான் கையெல்லாம் சந்தனத்தோட என் சீட்டுக்கு வந்தா, அம்பு வந்து நிக்குது. அன்னைக்கு நான் கோளாறுன்னு ஒண்ணும் போட்டு வெக்கலை. வெள்ளைப் பக்கத்தை அவனே தொறந்திருக்கான்.

'அப்பா'ன்னு இருந்துச்சு தம்பி.

அத்தனை மாசத்துல முதல் தடவை. 'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்'னு இருந்துச்சு. அதுக்குக் கீழ எழுத்து வந்துட்டே இருக்குது. நிறுத்தி நிறுத்தி வருது. ரெண்டெழுத்து அடிக்கறான், அழிக்கறான், மறுபடி அடிக்கறான். பின்னால இருந்து பூசை மணி அடிச்சுட்டாங்க. அண்ணா வாங்கன்னு ஒருத்தன் தோளைத் தொடறான். மேடம் பாக்கறாங்க. அவங்க முன்னால நான் நின்னுட்டு, இருங்க எம் பையன் கேக்கறான்னு சொல்ல முடியுங்களா?

நாளைக்குக் கேக்கட்டும்னு நெனைச்சேன். காத்தால முதல் வேலையா இதைத்தான் தொறக்கப் போறோம்னு நெனைச்சேன். அணைச்சேன். எழுதுனதை வெக்கட்டுமா, விடட்டுமான்னு அது கேட்டுச்சு. நான் எப்பவும் வெக்கறதில்லீங்க, ஒயர் கழண்டதையெல்லாம் வெச்சு என்ன பண்றது. கைப்பழக்கத்துல விட்டுட்டேன். திரை கறுத்துப் போச்சு. அது மேல பொட்டு வெச்சேன்.

மறுநாள் கோயமுத்தூர்ல இருந்து ரோஸ்லின்னு ஒரு பொண்ணு வந்து அந்த ஃபயர்வால் பொட்டியை மாட்டுச்சு. கெட்டிக்காரப் பொண்ணு. அந்தப் பொட்டிக்கும் நான்தான் பொட்டு வெச்சேன். மேடம் என்னைத்தான் வெக்கச் சொன்னாங்க. அப்புறம் என் சீட்டுக்கு வந்து வெள்ளைப் பக்கத்தைத் தொறந்து, 'என்ன கேக்கணும்'னு அடிச்சு வெச்சுட்டு உக்காந்தேன். சாப்பாட்டு நேரம் வந்துச்சு. தூக்குப்போசியைத் தொறந்தேன். அம்பு வெச்ச எடத்துலயே இருக்குது.

அன்னைக்கு வரலை. மறுநாளும் வரலை. பண்டிகை லீவா இருக்கும்னு நெனைச்சேன். அயர்லாந்துல எதுக்கு ஆயுத பூசைக்கு லீவு விடப் போறாங்கன்னு அப்புறந்தான் உறைச்சுது.

அடுத்த தடவை அந்தப் பொண்ணு வந்தப்ப பக்கத்துல போயி மெதுவாக் கேட்டேன். எனக்கு வெளியில இருந்து ஒரு ஆளு வந்து உதவி பண்ணுவாரு, இப்ப வர முடியலை போலிருக்குதும்மான்னேன்.

"யாருங்க சார் அவரு? மில்லு ஆளா?"ன்னுச்சு.

"இல்லைம்மா. தெரிஞ்ச பையன்"னேன்.

எந்தக் கம்பெனின்னுச்சு. கம்பெனியெல்லாம் இல்லை, சும்மா தெரிஞ்ச பையன்னு மறுபடியும் அதையே சொன்னேன். வெளியாளுக்கெல்லாம் வழி விட முடியாது சார், ஆளு யாருன்னு தெளிவாச் சொல்லி மேடம் சரின்னாங்கன்னா தனியா ஒரு வழி போட்டுத் தர்றேன், இல்லேன்னா உங்களுக்கு என்ன கோளாறுன்னாலும் எங்களைக் கூப்பிடுங்கன்னுட்டுப் போயிருச்சு.

பையன்னு சொல்லியிருக்கலாமேங்கறீங்க. சொல்லலாம். பையனா, அவன் எப்படி இருக்கான், எப்ப வருவான்னு மேடம் கேப்பாங்க. அவங்க கருமாதிக்கு வந்தவங்க. படிக்குக் கீழ நடந்ததைக் கண்ணால பாத்தவங்க. அவங்ககிட்டப் போயி, எம் பையன் தெனம் என் கூடச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்திருந்தானுங்கன்னு நான் எந்த வாயில சொல்றது?

அதுக்கப்புறம் அந்த ரோஸ்லின் பொண்ணு என் கம்ப்யூட்டரை அக்கக்காப் பிரிச்சுச் சரி பண்ணிருச்சு தம்பி. இப்ப ஒரு கோளாறு கிடையாது. பிரிண்டர் ஒயரைக் கூட அசையாத மாதிரி கட்டிப்போட்டுருச்சு. நல்லது பண்றேன்னு பண்ணுன பொண்ணைத் திட்டவும் முடியலை.

போன மாசம் மரகதத்துக்கு வருசத் திதி, ஞாயித்துக்கெழமையில வந்துச்சு. பெருசா ஒண்ணும் பண்ணலை. பங்கஜம் வந்து சமைச்சா. படையல் போட்டு, காக்காய்க்கு வெச்சு, நாங்க ரெண்டு பேருந்தான் எலை போட்டு உக்காந்தோம். சாப்பிட்டுட்டு இருக்கறப்பத் திடீர்னு சொன்னா.

"அவன் பேச்சை எடுக்காதேன்னீங்க. நானும் எடுக்கலை. இன்னைக்கு அக்காவோட நாளு, இன்னைக்குச் சொல்லலைன்னா என் மனசு ஆறாது. சுதாகருக்குப் பொண்ணு பொறந்திருக்குது மாமா. மார்கழியில."

நான் சோத்துல கை வெச்சபடியே இருந்தேன்.

"அங்க வயித்துல இருக்கறப்பவே பொண்ணுன்னு சொல்லிருவாங்களாம். அக்கா பேரை வெக்கட்டுமான்னு உங்களைக் கேட்டானாமே? கேட்டு எழுதிட்டு இருக்கறப்பவே மூடிட்டீங்களாமே? அதோட விடாம, மறுநாள்ல இருந்து அவன் உள்ளயே வர முடியாதபடி அடைச்சுட்டீங்களாமே? அப்பாவுக்கு நான் அம்மா பேரை வெக்கறது கூடப் பிடிக்கலை சித்தின்னு அழுதான். அப்புறந்தான் வேற பேரு வெச்சான்."

"நான் மூடலை பங்கஜம், அன்னைக்கு ஆயுத பூசை"ன்னேன்.

அவ நிமுந்து என்னைப் பாத்தா. ரசம் ஊத்தட்டுமான்னு மட்டும் கேட்டா.

கொழந்தைக்கு மாயான்னு பேராம். நல்ல பேருதான். படம் கூடக் காட்டுனா. மரகதத்துக்கு இந்த முன்நெத்தி கொஞ்சம் தூக்கலா இருக்கும். அதே நெத்தி. அவ காட்டிட்டு மூடிட்டா, இன்னொரு தடவை காட்டுன்னு கேக்க எனக்கு வாய் வரலை.

எனக்கு இதுல ஒரே ஒரு வருத்தந்தான் தம்பி. எழுதறதுக்குப் பதிலா அவன் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமில்லீங்களா? போன் பண்ணாதேன்னு நான் சொன்னேன், சரி. கோவத்துல சொல்றதுதான. அதைப் போயி இப்படிக் கெட்டியாப் பிடிச்சுக்கறதா? மத்தவங்க மனசு என்னன்னு கொஞ்சமாச்சும் யோசிக்க வேண்டாமா?

நீங்க பண்ணலாமேங்கறீங்களா. பங்கஜமும் அதைத்தான் சொன்னா. நம்பரைக் கூடப் போட்டுக் குடுத்துட்டுப் போனா. இருக்குது, இந்தப் பாக்கெட்லதான் இருக்குது. போன்ல என்னன்னுங்க ஆரம்பிக்கறது? அந்தப் பக்கம் அவன் அலோன்னு சொன்னா நான் என்ன சொல்றது? அந்த வெள்ளைப் பக்கம்னா ஆரம்பிக்கவே வேண்டாம். பிரிண்டர் ஓடலைன்னு போட்டாப் போதும், அவன் வந்துருவான். வந்து ஓரமா நிப்பான். அதுக்கப்புறம் ஒண்ணொண்ணாச் சொல்லிக்கலாம்.

அடிச்சு வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன். மேல பிரிண்டர் ஓடலைன்னு போட்டிருக்கேன். கீழ, மாயாங்கறது நல்ல பேரு, மாத்த வேண்டாம், ஊட்ல கூப்பிடறதுக்கு மட்டும் மரகதம்னு வெச்சுக்கலாமான்னு போட்டிருக்கேன். இப்பல்லாம் எழுதுனதை வெக்கட்டுமான்னு கேட்டா வெச்சுடறேன். கூட்டிப் பெருக்கற அம்மாகிட்ட, அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் அணைச்சுப்போடாதீங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

ரோஸ்லினோட ஆபீஸு காந்திபுரத்துல இருக்குதாம். நேரா போயிருவேன். எம் பையன்தாம்மா, அவனுக்கு ஒரு வழி போட்டுக் குடுன்னு சொல்லப்போறேன். மேடத்துகிட்டச் சொல்லணும்னா அவங்ககிட்டயும் சொல்லிர்றேன். காத்தாலயிருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு வர்றேன். உங்ககிட்டத்தான் முதல்ல வாய் விட்டுச் சொல்லியிருக்கேன். வாய் வந்துருச்சு பாருங்க. அங்கேயும் வந்துரும்.

அடடே, பொள்ளாச்சி வந்துருச்சுங்களா. இங்க கொஞ்ச நேரம் போட்டுருவான். சாப்பாட்டு நேரம் வேற ஆயிருச்சு.

இதுதான் ஒரு மாதிரி இருக்குது. இத்தனை மாசத்துல வேலை நாள்ல இந்த நேரத்துக்கு நான் சீட்டுல இல்லாம இருந்ததே கிடையாது. இன்னைக்குன்னு பாத்து அவன் எப்படியாச்சும் உள்ள வந்துட்டான்னா? வழி அடைச்சுத்தான் இருக்குது, எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் படிச்சவன், ஏதாச்சும் பண்ணி வந்துட்டான்னா? வந்து ஓரமா நின்னு பாத்துட்டு, ஆளைக் காணோம்னு போயிருவானே.

தயிர்சாதந்தான் இருக்குது. ஒரு வாய் சாப்பிடறீங்களா? வேண்டாங்களா, சரி.

என்னங்க, பொட்டியை மூடறீங்க? எனக்கு எடம் விடறதுக்கா? வேண்டாம் தம்பி. மூடாதீங்க. அது பாட்டுக்குத் தொறந்திருக்கட்டும். நீங்க உங்க வேலையைப் பாருங்க, அம்பு நகந்துட்டு இருக்கட்டும். நான் இப்படி ஓரமா வெச்சுச் சாப்பிட்டுக்கறேன்.